ஐஸ்க்ரீம் காப்பாற்றிய பீர் ஆலை... ஆறு தலைமுறை கண்ட யிங்லிங் குடும்பத்தின் கதை!

யிங்லிங். இந்தப் பெயரைக் கேட்டால் ஏதோ சீன நிறுவனம் என்றுதான் நினைக்கத் தோன்றும். அமெரிக்காவிலேயே பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இது ஒரு ஜெர்மன் குடும்பப் பெயர். ஜெர்மனியில் 'யூங்லிங்' என்று இருந்தது, அமெரிக்க நாக்குக்கு ஏற்றபடி யிங்லிங் ஆகிவிட்டது. அதற்கு ஜெர்மன் மொழியில் என்ன பொருள் தெரியுமா? 'இளைஞன்'! அமெரிக்காவில் இன்றும் இயங்கும் பீர் ஆலைகளிலேயே மிகப் பழைமையானதற்கு இப்படியொரு பெயர்.

பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பாட்ஸ்வில். சுமார் 13,000 பேர் வசிக்கும் சிறிய மலை நகரம். அங்கே மஹன்டோங்கோ தெருவின் சரிவில், செங்கல் கட்டடமாக நிற்கிறது யிங்லிங் ஆலை. 1829-ல் தொடங்கிய தொழில், இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. இடையில் தீ விபத்து, மதுவிலக்கு, நிலக்கரித் தொழிலின் வீழ்ச்சி, அப்பா-மகன் சண்டை என்று எல்லாமே வந்து போயிருக்கின்றன.

நிலக்கரி ஊருக்கு வந்த இளைஞர்

டேவிட் காட்லப் யூங்லிங், தெற்கு ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியில் இருக்கும் ஆல்டிங்கன் என்ற ஊரில் பிறந்தவர். பிழைப்பு தேடி 1820-களில் கப்பலேறினார். அவர் தேர்ந்தெடுத்த ஊரில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பாட்ஸ்வில் மலைகளில் 'ஆந்த்ரசைட்' என்ற உயர்ரக நிலக்கரியை வெட்டி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 1825-ல் ஸ்கூல்கில் நதியையொட்டிக் கால்வாய் தயாராகிவிட, நிலக்கரி படகுகளில் ஏறி நேராக ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனது. வேலை தேடி வேல்ஸ்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் வந்து குவிந்தார்கள். நாள் முழுக்கப் பூமிக்கடியில் கரித்தூளைச் சுவாசித்துவிட்டு மாலையில் மேலே வருகிற ஆயிரக்கணக்கான தொழிலாளிகள். பீர் விற்க இதைவிட நல்ல ஊர் கிடைக்குமா?

1829-ல் சென்டர் தெருவில் 'ஈகிள் ப்ரூவரி'யைத் தொடங்கினார் டேவிட். கழுகுதான் சின்னம், இன்றைக்கும் பாட்டிலில் அந்தக் கழுகு இருக்கிறது. இரண்டே வருடங்களில், 1831-ல், ஆலை தீயில் எரிந்து போனது. டேவிட் ஊரைவிட்டுப் போகவில்லை. மஹன்டோங்கோ தெருவின் மலைச்சரிவில் இடம் பிடித்து மறுபடியும் கட்டினார்.

மலைச்சரிவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. குளிர்சாதன இயந்திரங்கள் இல்லாத காலம் அது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்க வைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டால் பீர். இதில் கடைசி வேலைக்குக் குளுமை வேண்டும். அதுவும் 'லாகர்' வகைக்கு வாரக்கணக்கில் குளுமை வேண்டும். 'லாகர்' என்ற சொல்லே, சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் வார்த்தையிலிருந்து வந்ததுதான். அதனால் ஆலைக்குப் பின்னால் இருந்த மலையைக் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் குடைந்து குகைகள் வெட்டினார்கள். கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும். பீப்பாய்களை உருட்டிக்கொண்டுபோய் அங்கே அடுக்கிவிடுவார்கள். நிலக்கரிக்காக மலையைக் குடைந்த ஊரில், பீருக்காகவும் ஒரு சுரங்கம்! ஆலையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களை இப்போதும் இந்தக் குகைகளுக்குள் அழைத்துப் போகிறார்கள்.

அண்ணன் போனார், தம்பி நின்றார்

டேவிட்டின் மூத்த மகனுக்கும் டேவிட் என்றுதான் பெயர். அவருக்குப் பாட்ஸ்வில் சின்னதாகத் தெரிந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகருக்குப் போய், ஜேம்ஸ் நதிக்கரையில் நீராவியில் இயங்கும் பெரிய பீர் ஆலையைத் தொடங்கினார். 1873-ல் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி தாக்க, அந்த ஆலை தள்ளாடி, சில வருடங்களில் மூடப்பட்டது. நியூயார்க்கிலும் ஒரு கை பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை.

தம்பி ஃப்ரெடரிக் அப்பாவோடு பாட்ஸ்வில்லிலேயே இருந்துவிட்டார். 1873-ல் அவர் கூட்டாளியாகச் சேர்ந்தபோதுதான் ஆலைக்கு 'டி.ஜி.யிங்லிங் அண்ட் சன்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய நகரங்களில் பெரிய ஆலைகள் கட்டிய அண்ணனின் பெயர் வரலாற்றுக் குறிப்பாகிவிட்டது. ஊரைவிட்டு நகராத தம்பியின் வாரிசுகள்தான் இன்றும் முதலாளிகள்.

நிறுவனர் டேவிட் 1877-ல் இறந்தார். பாட்ஸ்வில் வரலாற்றிலேயே மிகக் கசப்பான வருடம் அது. சுரங்க முதலாளிகளுக்கு எதிராக ரகசிய வன்முறையில் இறங்கியதாகக் குற்றம்சாட்டப்பட்ட 'மோலி மெக்வயர்ஸ்' குழுவைச் சேர்ந்த ஆறு ஐரிஷ்காரர்கள், ஜூன் 21 அன்று ஒரே நாளில் பாட்ஸ்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நியாயமான விசாரணைதானா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. யிங்லிங்கின் வாடிக்கையாளர்கள் எப்படிப்பட்ட ஊரில், எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

13 வருடப் பஞ்சம்

1899-ல் ஃப்ரெடரிக் இறக்க, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர் மகன் ஃப்ராங்க் பொறுப்புக்கு வந்தார். வந்தவர் 1963-ல் இறக்கும் வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். அறுபது வருடங்களுக்கு மேல்! இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் சிலை வைக்கலாம் என்றால் அது இவருக்குத்தான். ஏனென்றால், விற்கும் பொருளையே சட்டம் தடைசெய்த காலத்தில் ஆலையை நடத்தியவர் அவர்.

'மதுவிலக்கு' என்ற வார்த்தையைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அது 1920 ஜனவரி 17-ல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்து நொந்துபோன பெண்கள் அமைப்புகளும் தேவாலயங்களும் பல பத்தாண்டுகள் போராடியதன் விளைவு அது. அந்தப் போராட்டத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கடைசிக் கட்டத்தில் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரி நாடு; அமெரிக்காவின் பெரிய பீர் ஆலைகளெல்லாம் ஜெர்மன் பெயர் கொண்டவை. புஷ், பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர் என்று எல்லாமே ஜெர்மன் வழிக் குடும்பங்கள். பீரை எதிர்ப்பதே தேசபக்தி என்ற பேச்சு எளிதாக எடுபட்டது.

மதுவிலக்குக்கு முன்பு அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. பெரும்பாலானவை பூட்டிக்கொண்டன. பாட்ஸ்வில்லில் அரசு அதிகாரிகள் வந்து, குகைகளுக்குள் யாரும் போக முடியாதபடி செங்கல் சுவர் வைத்து அடைத்தார்கள்.

ஃப்ராங்க் ஆலையை மூடவில்லை. அரை சதவிகிதத்துக்கும் குறைவான ஆல்கஹால் இருந்தால் சட்டம் தடுக்காது. அதனால் 'பேருக்கு பீர்' என்று சொல்லத்தக்க பானங்களைத் தயாரித்தார். 'ஸ்பெஷல்', 'போர்-டோர்', 'ஜூவோ' என்று மூன்று பெயர்களில் அவை வந்தன. வழக்கம்போல பீர் காய்ச்சி, பிறகு அதிலிருந்து ஆல்கஹாலைப் பிரித்து எடுத்துவிடும் வேலை இது. அதாவது செலவு முழுசு, சுவை பாதி. சுரங்கத்திலிருந்து வருகிற தொழிலாளி இதைக் குடித்து என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

அடுத்து அவர் கைவைத்தது ஐஸ்க்ரீமில். ஆலைக்கு எதிரே, தெருவைக் கடந்தால் வருகிற இடத்தில் 1920-ல் பால்பண்ணைத் தொழிற்சாலை கட்டினார். பீர் ஆலைக்காரர் ஐஸ்க்ரீம் செய்வதா என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் அதுதான் இயல்பு. குளிரூட்டும் இயந்திரத்தை இயக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆட்கள், சுத்தமாகப் பாத்திரம் பண்டங்களைப் பராமரிக்கும் பழக்கம், ஊர் ஊராகச் சரக்கு கொண்டுபோகும் அனுபவம் எல்லாமே கைவசம் இருந்தன. டெட்ராய்ட்டில் ஸ்ட்ரோ குடும்பமும் இதே வழியில்தான் போனது. கொலராடோவில் கூர்ஸ் குடும்பம், குழந்தைகள் விரும்பும் மால்ட் பாலுக்கு மாறியது. நாடெங்கும் பீர் முதலாளிகள் பால்காரர்களாக மாறியிருந்த காலம் அது!

போதாததற்கு, நடன அரங்குகளையும் நடத்தியிருக்கிறது யிங்லிங் குடும்பம். இப்படிப் பத்துத் தொழிலில் கால் வைத்து, 13 வருடங்கள் ஆலையைக் காப்பாற்றினார் ஃப்ராங்க். மதுவிலக்கு காலத்தில் பிறந்த அந்த ஐஸ்க்ரீம், மதுவிலக்கு போன பிறகும் 1985 வரை விற்றுக்கொண்டிருந்தது. பீர் குடிக்காத பாட்ஸ்வில் பாட்டிகளுக்கும் பேரன்களுக்கும் யிங்லிங் என்றால் ஐஸ்க்ரீம்தான்.

1933 ஏப்ரலில் குறைந்த ஆல்கஹால் கொண்ட பீருக்கு அனுமதி வந்தது. டிசம்பரில் மதுவிலக்கே ரத்தானது. மகிழ்ச்சியைக் கொண்டாட 'வின்னர் பீர்' என்ற பெயரில் புதிய பீர் வெளியிட்டார் ஃப்ராங்க். ஒரு லாரி நிறைய வெள்ளை மாளிகைக்கு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பி வைத்ததாகக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பீர் தயாராக வாரக்கணக்கில் ஆகுமே, சட்டம் மாறியதுமே லாரி எப்படிக் கிளம்பியது என்று குறும்பாகக் கேட்பவர்களும் உண்டு. குகைக்குள் இருந்த செங்கல் சுவரை உடைத்துவிட்டார்கள். அதில் ஒரு பகுதியை மட்டும் ஞாபகத்துக்காக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கும் மகனுக்கும்

சட்டம் செய்ய முடியாததைச் சந்தை செய்யப் பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளைச் சூடாக்க எண்ணெயும் எரிவாயுவும் வந்துவிட, நிலக்கரிக்கு மவுசு போனது. சுரங்கங்கள் மூடப்பட்டன, இளைஞர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். இன்னொரு பக்கம் டி.வி விளம்பரங்களோடும் நெடுஞ்சாலை லாரிகளோடும் பெரிய கம்பெனிகள் எல்லா ஊர்களுக்குள்ளும் நுழைந்தன. ஊருக்கு ஒன்றாக இருந்த ஆலைகள் வரிசையாக விழுந்தன. 1970-களின் இறுதியில் அமெரிக்கா முழுவதும் 100-க்கும் குறைவான பீர் ஆலைகளே மிச்சம்.

ஃப்ராங்கின் மகன்களான ரிச்சர்டும் டோர்மனும் நான்காவது தலைமுறையாக இந்தக் காலத்தைச் சமாளித்தார்கள். ரிச்சர்டின் மகன் டிக் யிங்லிங்குக்கு அது போதவில்லை. பழைய இயந்திரங்களை மாற்ற வேண்டும், விற்பனையைப் பெருக்க வேண்டும் என்று அவர் சொல்ல, அப்பா இணங்கவில்லை. 1973-ல் மனக்கசப்போடு வெளியேறிய டிக், பீர் விநியோகத் தொழிலை சொந்தமாகத் தொடங்கினார். மளிகைக்கடை வைத்திருக்கும் நம் ஊர் அப்பா-மகன்களுக்கும் இந்தச் சண்டை புரியும்.

விலகிப்போனது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. பீரைத் தயாரிப்பவர் கண்ணில் படாத விஷயங்கள், அதைக் கடை கடையாகக் கொண்டுபோய் இறக்குபவர் கண்ணில் பட்டன. எது நகர்கிறது, எது தேங்குகிறது என்று 12 வருடங்கள் பார்த்தார் டிக். அப்பாவின் உடல்நிலை மோசமானபோது, 1985-ல் திரும்பி வந்தார்.

வந்து ஆலையை 'வாங்கிக்கொண்டார்'. ஆம், வாங்கினார்! இந்தக் குடும்பத்தின் விதி அது. பரம்பரைச் சொத்தாக ஆலை யாருக்கும் கிடைக்காது. அடுத்த தலைமுறைக்கு வேண்டுமென்றால், முந்தைய தலைமுறையிடம் விலை கொடுத்து வாங்க வேண்டும். கேட்கக் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கிறது. ஆனால், கடன்பட்டு வாங்கியவர் அசட்டையாக நடத்த மாட்டார். விருப்பமில்லாத பிள்ளைகள் தலையில் தொழிலைக் கட்ட வேண்டியதில்லை. முக்கியமாக, பங்குகள் அண்ணன் தம்பி, அத்தை, மாமா, பேரன், பேத்தி என்று ஐம்பது பேரிடம் சிதறிப்போகாது. எத்தனையோ பெரிய குடும்ப நிறுவனங்கள் உடைந்தது அங்கேதான்.

'லாகர்' என்றால் போதும்

டிக் பொறுப்பேற்றபோது ஆலையின் ஆண்டு உற்பத்தி ஒன்றரை லட்சம் பீப்பாய்க்கும் குறைவு. பீர்த் தொழிலில் ஒரு பீப்பாய் என்பது சுமார் 117 லிட்டர். 1987-ல், குடும்பத்தின் பழைய லாகரைப் புதுப்பித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெரிய கம்பெனிகளின் பீர் தண்ணீர் மாதிரி வெளிறி இருந்த நேரத்தில், வறுத்த மால்ட்டால் செம்பு நிறத்தில் இருந்தது இது. வெளிநாட்டு பீர் போன்ற தோரணை. விலையோ உள்ளூர் விலை. பிடித்துக்கொண்டது.

ஃபிலடெல்ஃபியா மதுக்கூடங்களில் இப்போதும் 'ஒரு லாகர்' என்று மட்டும் கேட்டால் போதும், யிங்லிங்தான் வரும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் லாகர் வகைகள் இருக்க, ஒரு வட்டாரமே அந்தப் பொதுப்பெயரை ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது!

கேட்ட இடத்துக்கெல்லாம் அனுப்பச் சரக்கு இல்லை. 1990-களில் மாசசூசெட்ஸ் பக்கத்து விற்பனையையே நிறுத்திக்கொண்டு, முதலில் சொந்த ஊர்க்காரர்களைக் கவனிக்க வேண்டிய நிலை வந்தது. பாட்ஸ்வில்லுக்கு அருகிலேயே புதிய ஆலை கட்டத் தீர்மானித்தார் டிக். அது தயாராகும் முன்பே 1999-ல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் ஓர் ஆலை விலைக்கு வந்தது.

அந்த ஆலையின் கதை தனிக்கதை. கட்டியது ஷ்லிட்ஸ். ஒருகாலத்தில் அமெரிக்காவின் நம்பர் ஒன் பீர் நிறுவனம். செலவைக் குறைக்கிறோம் என்று தயாரிப்பு முறையை மாற்றி, வாடிக்கையாளர்களை இழந்தது. 1982-ல் அதை வாங்கினார்கள் ஸ்ட்ரோ குடும்பத்தினர், மதுவிலக்கில் ஐஸ்க்ரீம் விற்ற அதே டெட்ராய்ட் ஸ்ட்ரோதான். தலைக்குமேல் கடன் வாங்கி விரிவாக்கம் செய்த அவர்களும் 1999-ல் கடையைக் கட்டினார்கள். பெரிய ஜெர்மன் வம்சாவளி நிறுவனங்கள் விட்டுப்போன ஆலை, கடைசியில் பாட்ஸ்வில் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. 2008-ல் எல்லோரையும்விடப் பெரிய புஷ் குடும்பத்தின் கையிலிருந்தும் நிறுவனம் போனது. பெல்ஜியத்தைத் தலைமையகமாகக் கொண்ட இன்பெவ், 52 பில்லியன் டாலருக்கு அதை வாங்கியது.

யிங்லிங்கின் உற்பத்தியோ ஆண்டுக்கு 25 லட்சம் பீப்பாய்களைத் தாண்டியது. டிக் கோடீஸ்வரர்கள் பட்டியலில் ஏறினார்.

இதெல்லாம் கறை படாமல் நடந்துவிடவில்லை. 2006-ல் ஆலையில் தொழிற்சங்கத்தின் அங்கீகாரம் முடிவுக்கு வந்தது. யிங்லிங் பீரைப் புறக்கணிக்கச் சொன்னது சங்கம். பாட்ஸ்வில் பகுதியின் இரு ஆலைகளிலிருந்தும் கழிவுநீரை விதிமீறி நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பியதாக வழக்கு வர, 2016-ல் 28 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது நிறுவனம். அதே வருடம், தேர்தல் நேரத்தில் டிரம்ப்பின் மகன் ஆலைக்கு வந்தபோது டிக் வெளிப்படையாக ஆதரவு தெரிவிக்க, ஃபிலடெல்ஃபியாவில் சில மதுக்கூடங்கள் யிங்லிங்கை இறக்கி வைத்தன. ஊர்ப் பொதுச் சொத்தாகவே பார்க்கப்பட்ட ஒரு பெயருக்கு இது புது அனுபவம்.

நாடு முழுக்கப் பரவ அவசரப்படாத நிறுவனம், 2020-ல்தான் மோல்சன் கூர்ஸோடு கூட்டு சேர்ந்தது. மேற்கு மாநிலங்களுக்காக மட்டும் ஏற்பட்ட ஒப்பந்தம் அது. அடுத்த வருடம் டெக்சாஸில் முதல்முறையாக யிங்லிங் கிடைத்தது. குடும்பத்தின் ஆலைகள் குடும்பத்திடமே இருக்கின்றன.

நான்கு மகள்கள்

டிக்குக்கு இப்போது 80 வயது தாண்டிவிட்டது. மகன்கள் இல்லை. ஜெனிஃபர், டெபோரா, வெண்டி, ஷெரில் என்று நான்கு மகள்கள். 'அப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று ஊரில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். நால்வருமே ஆலைக்குள் வந்துவிட்டார்கள். ஜெனிஃபர் தயாரிப்புப் பக்கத்தையும், வெண்டி நிர்வாகம், விற்பனைப் பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஆண்களே தொடங்கி, ஆண்களே நடத்திய ஆலையில், ஆறாவது தலைமுறை முழுக்கப் பெண்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற குடும்ப விதி மகள்களுக்கும் பொருந்தும். அதில் தள்ளுபடி கிடையாது. பெயர்ப்பலகை மட்டும் 1873-ல் எழுதியபடியே இருக்கிறது: 'டி.ஜி.யிங்லிங் அண்ட் சன்'.